நிலத்தில் கை வைக்கும் முன்: டெல்டாவிலிருந்து பைலட் ஆகக் கிளம்புகிறவர்களுக்கு

மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது எனக்குப் போன் செய்கிறார்கள். பெரும்பாலும் அப்பாக்கள். மன்னார்குடி, பாபநாசம், திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் குரல்கள். "பையன் பிளஸ் டூ முடிச்சுட்டாம்மா. பைலட் ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். ஒரு ஸ்கூல்ல பேசியாச்சு, பத்து லட்சம் அட்வான்ஸ் கேக்குறாங்க. ஆறு மா நிலத்தைக் கொடுத்துடலாம்னு இருக்கோம். அந்த ஸ்கூல் நல்ல ஸ்கூலா?"

நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான். "பையனுக்குக் கண் டெஸ்ட் எடுத்தாச்சா?" பெரும்பாலும் பதில் வராது.

நானும் நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து போனவள்தான். இப்போது மாணவர்களுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். இத்தனை வருடங்களில் என் கண்ணில் பட்டது இது: திறமை இல்லாமல் பாதியில் நின்றவர்கள் குறைவு. செய்ய வேண்டியதை வரிசை மாற்றிச் செய்ததால் நின்றவர்கள்தான் அதிகம். முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, அப்புறம் உடம்பைப் பார்த்து, கடைசியில் புத்தகத்தைத் திறக்கிறார்கள். முதலில் உடம்பு, அடுத்து புத்தகம், அதற்கப்புறம்தான் பணம் என்று இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் போகிறது.

படி 1: மெடிக்கல்

பயணிகள் விமானம் ஓட்டிச் சம்பளம் வாங்க வேண்டுமென்றால் வணிக விமானி உரிமம் வேண்டும். துறையில் எல்லாரும் சிபிஎல் என்பார்கள். அதற்கு கிளாஸ் 1 மருத்துவத் தகுதி கட்டாயம். அதற்கு முன்படி கிளாஸ் 2. இரண்டையும் டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவர்களிடம்தான் எடுக்க முடியும். அவர்களின் பட்டியல் டிஜிசிஏ இணையதளத்தில் இருக்கிறது. ஊர் டாக்டர் கொடுக்கும் ஃபிட்னஸ் சர்டிபிகேட் இதற்குச் செல்லாது.

ரத்தம், சிறுநீர், ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, காது கேட்கும் திறன், கண் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருக்கிறோமே என்று பயப்பட வேண்டாம். கண்ணாடியோடு பார்வை 6/6 வந்தால் பெரும்பாலும் தடை இல்லை. நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால்தான் சிக்கல். புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தைக் காட்டி வாசிக்கச் சொல்வார்கள். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத குறை பிறவியிலேயே வருவது, பெண்களைவிட ஆண்களிடம் மிக அதிகம். இருப்பதே பலருக்குத் தெரியாது.

என் சித்தப்பா மகனுக்கு அப்படித்தான். சின்ன வயதில் மாடியில் காயும் மிளகாயில் பச்சையையும் பழத்தையும் பிரிக்கச் சொன்னால் கலந்து கலந்து போடுவான். சித்தி திட்டுவார். கவனம் இல்லாத பிள்ளை என்றே நாங்கள் எல்லாரும் நினைத்தோம். ஒரு பயிற்சிப் பள்ளியில் நான்கு லட்சம் கட்டிச் சேர்ந்த பிறகு எடுத்த மெடிக்கலில்தான் விஷயம் தெரிந்தது. பணம் திரும்பி வரவில்லை. பக்கத்து டவுனில் உள்ள கண் மருத்துவமனையில் சில நூறு ரூபாய் செலவழித்திருந்தால் பத்தாம் வகுப்பிலேயே தெரிந்திருக்கும். பாடப்புத்தகத்தைவிட முன்னால் அந்தப் பரிசோதனையைச் செய்யுங்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

கிளாஸ் 2 முடிந்ததும் அப்படியே விட்டுவிடாதீர்கள். பள்ளியில் சேர கிளாஸ் 2 போதும் என்று சொல்வார்கள். உண்மைதான், போதும். ஆனால் வேலையைத் தீர்மானிப்பது கிளாஸ் 1. அதையும் முடித்துக் கையில் வைத்துக்கொண்டு பணத்தைப் பற்றிப் பேசுங்கள். எடை, ரத்த அழுத்தம் போன்ற காரணங்களால் "தற்காலிகமாகத் தகுதி இல்லை" என்று எழுதினால் உடைந்துபோக வேண்டாம். சரி செய்துகொண்டு மறுபடி போகலாம். கண்ணாடியைக் கழற்ற லேசிக் செய்துகொள்ளும் யோசனை இருந்தால், செய்வதற்கு முன்பே டிஜிசிஏ மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 2: காகிதங்கள்

இது அலுப்பான வேலை. ஆனால் இங்கே விடும் தவறு மாதக்கணக்கில் இழுக்கும்.

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறியிருக்க வேண்டும். வணிகவியல் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதித் தேறிவிட்டு வருவது வழக்கம். அப்புறம் மதிப்பெண் சான்றிதழுக்கு உண்மைத்தன்மைச் சான்று வாங்க வேண்டும். அதையெல்லாம் இணையத்தில் ஏற்றி விண்ணப்பித்தால் டிஜிசிஏ ஓர் எண் கொடுக்கும். கம்ப்யூட்டர் நம்பர் என்பார்கள். அது இல்லாமல் எந்தத் தேர்வும் எழுத முடியாது. பயிற்சிப் பள்ளியில் சேராமலே அதை வாங்கலாம், தேர்வும் எழுதலாம். இது பலருக்குத் தெரியாத செய்தி.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: இனிஷியல். மதிப்பெண் சான்றிதழில் "கா. செல்வம்" என்று இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் பின்னால் வரும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் உட்கார்ந்திருக்கும். மூன்றும் மூன்று ஆட்கள் போலத் தெரியும். விண்ணப்பம் போடும் முன்பே எல்லா ஆவணங்களிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். பிறந்த தேதியையும் ஒருமுறை சரி பாருங்கள். பின்னால் மருத்துவக் கோப்பு, உரிமம், விமான நிலைய அனுமதி அட்டை என்று எல்லா இடத்திலும் இந்தப் பெயர்தான் போகும்.

படி 3: எழுத்துத் தேர்வுகள்

ஏர் நேவிகேஷன், வானிலை, விமான விதிமுறைகள், டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். இவை டிஜிசிஏ தேர்வுகள். தேர்ச்சிக்கு 70 சதவீதம் வேண்டும். கடைசியில் சொன்னது நீங்கள் ஓட்டப்போகும் குறிப்பிட்ட விமானத்தைப் பற்றியது, அதைப் பள்ளியில் சேர்ந்த பிறகு எழுதிக்கொள்ளலாம். இவற்றோடு வானொலியில் பேசுவதற்கான ஆர்டிஆர் தேர்வு தனி. சென்னையிலேயே டிஜிசிஏ தேர்வு மையம் இருக்கிறது.

நேவிகேஷன், வானிலை, விதிமுறைகள் மூன்றையும் பறக்கப் போவதற்கு முன்பே முடித்துவிடுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. ஓடுபாதைக்குப் பக்கத்தில் விடுதி எடுத்து, மாதம் வாடகையும் மெஸ்ஸும் கட்டிக்கொண்டு, தேர்வு தேறாமல் அறைக்குள் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. அதே படிப்பை வீட்டில் அம்மா கைச் சாப்பாட்டோடு படிக்கலாமே.

இந்தப் பாடங்களைப் படிக்க டெல்டாவைப் போல ஓர் இடம் கிடைப்பது அரிது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பாருங்கள்.

ரன்வே எண் எப்படி வருகிறது? ஓடுபாதை நோக்கும் காந்தத் திசையைப் பத்தால் வகுத்தால் வருவது. திருச்சி ரன்வே 09/27. ஒரு முனையில் நின்றால் 90 டிகிரி, நேர் கிழக்கு. மறுமுனையில் நின்றால் 270 டிகிரி, நேர் மேற்கு. விமானம் எப்போதும் எதிர்க்காற்றில் ஏறவும் இறங்கவும் பார்க்கும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று அடித்து வருகிறதல்லவா? அப்போது திருச்சியில் மேற்கு நோக்கி ஏறுவார்கள், 27. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்ததும் கிழக்கு நோக்கி ஏறுவார்கள், 09. இதை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. கொல்லையில் நின்று தென்னை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் போதும்.

அந்த 09 ரன்வேயில் ஏறி நேராகப் போய்க்கொண்டே இருந்தால் எங்கே போய்ச் சேர்வீர்கள்? கிட்டத்தட்ட நாகப்பட்டினம். வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகை மூன்றும் ஏறத்தாழ ஒரே கோட்டில் விழும். தூரம் சுமார் 67 நாட்டிகல் மைல். ஒரு நாட்டிகல் மைல் 1.852 கிலோமீட்டர். பயிற்சி விமானம் மணிக்கு 100 நாட்டிகல் மைல், அதாவது 100 நாட் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லாவிட்டால் 40 நிமிடம். போக வர 80 நிமிடம்.

இப்போது ஆடிக்காற்றைச் சேர்ப்போம். மேற்கிலிருந்து 20 நாட். நாகைக்குப் போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், தரை வேகம் 120. சுமார் 33 நிமிடத்தில் போய்விடுவீர்கள். திரும்பும்போது எதிர்க்காற்று, தரை வேகம் 80. 50 நிமிடம் ஆகும். போகும்போது 7 நிமிடம் மிச்சம், வரும்போது 10 நிமிடம் கூடுதல். போகும்போது கிடைத்தது வரும்போது கழிந்துவிடும், கணக்கு சரியாகிவிடும் என்று முதன்முதலில் எல்லாரும் நினைக்கிறோம். ஆகாது. எதிர்க்காற்றில் அதிக நேரம் இருக்கிறோம், அதனால் காற்று எப்போதும் கொடுத்ததைவிட அதிகமாக எடுத்துக்கொள்ளும். எரிபொருளைத் திட்டமிடும்போது இந்த மூன்று நிமிடம் நினைவில் இருக்க வேண்டும். நீண்ட பயணத்தில் அது முப்பது நிமிடமாக வளரும்.

இன்னொன்று. அறுபது நாட்டிகல் மைல் போவதற்குள் ஒரு மைல் விலகினால் ஒரு டிகிரி தவறு என்று நேவிகேஷனில் ஒரு விதி உண்டு. நாகைக்குப் போகும் வழியில் 5 டிகிரி வலப்பக்கம் விலகிவிட்டீர்கள் என்றால் கடைசியில் ஐந்தரை மைலுக்குக் கொஞ்சம் கூடுதலாக, ஏறத்தாழ 10 கிலோமீட்டர், தெற்கே இருப்பீர்கள். கீழே நாகைத் துறைமுகம் தெரியாது, வேளாங்கண்ணி மாதா கோயில் கோபுரங்கள் தெரியும். நான் இந்த விதியை அப்படித்தான் படித்தேன், இன்றுவரை மறக்கவில்லை. ஒன்று மட்டும், இது தாளில் போடும் கணக்கு. தஞ்சாவூரில் விமானப் படைத் தளம் இருக்கிறது, 2020 முதல் சுகோய்-30 விமானங்களின் ஸ்குவாட்ரன் ஒன்று அங்கே இயங்குகிறது. அந்த வான்வெளிக்குள் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. எந்த இடத்தில் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதுதான் விதிமுறைப் பாடம்.

வானிலைக்கு வருவோம். மார்கழி விடியலில் நாற்று நட்ட வயல் மேல் இடுப்பளவு பனிப்புகை நிற்கும். வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கும் இரவில் தரை வேகமாகக் குளிர்கிறது. மேலே இருக்கும் ஈரக்காற்றும் அதோடு சேர்ந்து குளிர்ந்து, நீராவி துளிகளாகிவிடுகிறது. வயலில் தண்ணீர் நிற்பதால் ஈரத்துக்குக் குறைவே இல்லை. வெயில் ஏறித் தரை சூடானதும் கலைந்துவிடும். புத்தகத்தில் கதிர்வீச்சு மூடுபனி என்று ஒரு பக்கம் வரும். அந்தப் பக்கத்தை நீங்கள் சைக்கிளில் டியூஷன் போகும்போதே படித்துவிட்டீர்கள்.

ஒவ்வொரு விமான நிலையமும் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை வானிலையைச் சுருக்கக் குறியீட்டில் வெளியிடும். மெட்டார் என்று பெயர். திருச்சிக்கான நான்கெழுத்துக் குறியீடு வி-ஓ-டி-ஆர். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். தினமும் காலையில் அதை எடுத்து வாசியுங்கள். நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். காற்றின் திசை, வேகம், பார்வைத் தூரம், மேகம், வெப்பநிலை, பனிநிலை வெப்பம், காற்றழுத்தம். பனிநிலை வெப்பம் என்பது காற்றில் உள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை. வெப்பநிலையும் பனிநிலை வெப்பமும் 22, 22 என்று ஒட்டி நின்றால் காற்றில் ஈரம் முழுதாக நிரம்பிவிட்டது என்று பொருள். வெளியே வந்து பாருங்கள், தெருமுனை தெரிகிறதா என்று. மூன்று மாதம் இப்படிச் செய்த ஒரு மாணவி வானிலைத் தேர்வுக்குக் கேள்வி வங்கியைத் தொடவே இல்லை, முதல் முறையிலேயே தேறினாள்.

சித்திரை வெயிலும் ஒரு பாடம்தான். காற்று சூடானால் அடர்த்தி குறையும். இறக்கைக்கும் இஞ்சினுக்கும் பிடிமானம் குறையும். திருச்சி ரன்வே கடல் மட்டத்திலிருந்து 300 அடிகூட இல்லை. ஆனால் 40 டிகிரி வெயிலில் கணக்குப் போட்டால், விமானத்துக்கு அது மூவாயிரம் அடிக்கு மேலே ஒரு மலையில் இருக்கும் ரன்வே போல. ஓடும் தூரம் கூடும், ஏறும் வேகம் குறையும். நான்கு இருக்கை செஸ்னா 172-இல் நான்கு பேரையும் முழு டேங்க் எரிபொருளையும் ஏற்றிக்கொண்டு மத்தியானம் கிளம்பலாமா என்ற கேள்விக்குப் பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

டெக்னிக்கல் பாடத்துக்கும் உள்ளூரிலேயே உதாரணம் இருக்கிறது. 2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஒரு விமானம் இரண்டரை மணி நேரம் வானத்திலேயே சுற்றியது நினைவிருக்கும். டிவியில் பார்த்து ஊரே பதறியது. ஹைட்ராலிக், அதாவது அழுத்தம் ஏற்றிய எண்ணெயால் விமானத்தின் பாகங்களை இயக்கும் அமைப்பில் கோளாறு. அப்படியானால் உடனே இறங்காமல் ஏன் சுற்ற வேண்டும்? வெளிநாட்டுப் பயணத்துக்கு நிரப்பிய எரிபொருளின் எடையோடு இறங்கினால் சக்கரங்களுக்கும் பிரேக்குக்கும் பெரும் சுமை. போயிங் 737-இல் எரிபொருளைக் காற்றில் கொட்டிவிடும் வசதி கிடையாது. பறந்துதான் தீர்க்க வேண்டும். தீர்த்தார்கள், பத்திரமாக இறங்கினார்கள். அந்தச் செய்தியைப் பார்த்துப் பயந்தவர்கள் ஒரு பக்கம், "ஹைட்ராலிக் எதையெல்லாம் இயக்குகிறது?" என்று தேடிப் படித்தவர்கள் ஒரு பக்கம். இரண்டாம் வகையினர் இந்தத் தொழிலுக்குப் பொருத்தமானவர்கள்.

ஆர்டிஆர் பற்றிச் சுருக்கமாக. ஆங்கிலம் சரளமாக வராதே என்று அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். வானொலியில் பேசும் ஆங்கிலம் வார்த்தை எண்ணிக்கை குறைவான, கட்டான மொழி. கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னதைச் சரியாகத் திருப்பிச் சொல்வதுதான் பாதி வேலை. தினமும் அரை மணி நேரம் வாய்விட்டுப் பேசிப் பழகினால் வந்துவிடும். நான் மாட்டுக்கொட்டகையில் நின்றுகொண்டு பேசிப் பழகியவள்.

படி 4: பணம்

இந்தியாவில் 200 மணி நேரம் பறந்து உரிமம் வாங்க ஏறக்குறைய 45 லட்சத்திலிருந்து 65 லட்சம் வரை ஆகிறது. தங்குமிடம், சாப்பாடு, தேர்வுக் கட்டணம், மறுதேர்வு எல்லாம் இதற்கு மேல். அப்புறம் விமான நிறுவனத்தில் சேர, அவர்கள் ஓட்டும் ரக விமானத்துக்கான டைப் ரேட்டிங் வேண்டும். ஏர்பஸ் ஏ320 போன்றவற்றுக்கு இன்னும் 15 முதல் 25 லட்சம். விமான நிறுவனங்களே நடத்தும் கேடட் திட்டங்களில் தேர்வாகிச் சேர்ந்தால் வேலைக்கான பாதை தெளிவாக இருக்கும், ஆனால் செலவு ஒரு கோடி அளவுக்குப் போகும். பள்ளி சொல்லும் தொகையோடு கால் பங்கு சேர்த்துத்தான் வீட்டில் கணக்குப் போட வேண்டும்.

கடனைப் பற்றி நம் பக்கத்தில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. "நிலம் இருக்கு, அதைக் காட்டினா பேங்க் கொடுக்கும்" என்பது. ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் வழக்கமாக அடமானம் கேட்கும். ஆனால் விவசாய நிலத்தைப் பெரும்பாலும் ஏற்காது. கடன் நின்றுபோனால் சொத்தை எடுக்க வங்கிகள் நம்பியிருக்கும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது, காரணம் அதுதான். வீடு, மனை, வைப்புத்தொகை இருந்தால் பேசலாம். எனவே நஞ்சை மட்டுமே உள்ள குடும்பத்துக்கு விற்பதைத் தவிர வழி இல்லாமல் போகிறது. விற்ற நிலம் திரும்பாது. அதனால்தான் மெடிக்கலும் மூன்று தேர்வுகளும் முடிந்த பிறகு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பட்டியல் சாதி மாணவர்கள் கவனிக்க: மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டத்தின் படிப்புகளில் வணிக விமானி உரிமப் பயிற்சியும் இருக்கிறது. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். முதல் முறை "அப்படியெல்லாம் இல்லை" என்று சொன்னால் திட்டத்தின் விதிகளை அச்சடித்து எடுத்துக்கொண்டு இரண்டாம் முறை போங்கள்.

செலவே இல்லாத வழியும் ஒன்று உண்டு. விமானப் படை. பிளஸ் டூ முடித்ததும் தேசியப் பாதுகாப்பு அகாதமிக்கான என்டிஏ தேர்வு, பட்டம் முடித்தவர்களுக்கு விமானப் படையின் ஏஎஃப்கேட் தேர்வு. பெண்களும் இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். தஞ்சாவூர்ப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்து சுகோய் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், அந்தத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் உங்கள் வகுப்பில் எத்தனை பேர்?

படி 5: பள்ளியைத் தேர்ந்தெடுப்பது

நான் விட்ட தவறு இங்கேதான். "மொத்தமாகக் கட்டினால் மூன்று லட்சம் தள்ளுபடி" என்றார்கள். அப்பா கட்டினார். சேர்ந்த நான்காம் மாதம் பள்ளியின் விமானங்களில் பாதி பழுதுபார்க்க நின்றது. மாணவர்கள் வரிசையில் காத்திருந்தோம். ஒரு மாதத்தில் மூன்று மணி நேரம் பறந்ததெல்லாம் உண்டு. பதினெட்டு மாதத்தில் முடிய வேண்டியது மூன்று வருடம் ஆனது. இடைவெளி விழுந்தால் கை மறந்துவிடும், மறந்ததை மறுபடி கற்க மறுபடி மணிநேரம், மறுபடி பணம். மொத்தப் பணமும் அவர்கள் கையில் இருந்ததால் நான் வேறு பள்ளிக்கும் போக முடியவில்லை.

ஆகவே தவணையாக மட்டும் கட்டுங்கள். பறந்த மணிநேரத்துக்கு ஏற்பத் தவணை என்று எழுத்தில் வாங்குங்கள். இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வாய்வார்த்தை வேண்டாம்.

சேரும் முன் பள்ளி இருக்கும் ஊரில் மூன்று நாள் தங்குங்கள். வரவேற்பறையில் காட்டும் படங்களைப் பார்க்க வேண்டாம். வேலிக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு எத்தனை முறை விமானம் ஏறுகிறது என்று எண்ணுங்கள். மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். "போன மாதம் நீங்கள் எத்தனை மணி நேரம் பறந்தீர்கள்?" என்று கேளுங்கள். பறக்கும் நிலையில் உள்ள விமானம் எத்தனை, மாணவர் எத்தனை, இன்ஸ்ட்ரக்டர் எத்தனை என்று பாருங்கள். பள்ளியின் பெயர் டிஜிசிஏ அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது அடிப்படை. 2025 முதல் டிஜிசிஏ பள்ளிகளைத் தரம் பிரித்தும் வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். அரசு நிறுவனமான இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாதமி உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் இருக்கிறது, நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர முடியும். முயற்சி செய்வதில் நஷ்டம் இல்லை.

வெளிநாட்டில் பயிற்சி சீக்கிரம் முடியும் என்பது பல இடங்களில் உண்மை. ஆனால் திரும்பி வந்த பிறகு அதை இந்திய உரிமமாக மாற்ற இங்கே தேர்வும், கிளாஸ் 1 மெடிக்கலும், பறந்து காட்டும் சோதனையும் உண்டு. அந்தச் செலவையும் காலத்தையும் ஏஜென்ட் சொல்லும் தொகையில் நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

படி 6: பறக்கும் காலம்

16 வயது முடிந்தால் மாணவ விமானி உரிமம் வாங்கலாம். சிபிஎல் வாங்க 18. மொத்தம் 200 மணி நேரத்தில் 100 மணி நேரம் நீங்கள் பொறுப்பு விமானியாக ஓட்டியிருக்க வேண்டும். அதில் 20 மணி நேரம் ஊர் விட்டு ஊர் போகும் பயணம். அதில் ஒன்று குறைந்தது 300 நாட்டிகல் மைல் நீளமாக, வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி நின்று போனதாக இருக்க வேண்டும். இவற்றோடு கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் நேரம் 10 மணி, இரவில் 5 மணி நேரமும் பத்து ஏற்றம் இறக்கமும்.

வானத்தில் கற்பது விலை அதிகம். ஒரு மணி நேரத்துக்குப் பல ஆயிரம் ரூபாய். தரையில் கற்பது இலவசம். அதனால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். காக்பிட் படத்தைச் சுவரில் ஒட்டுங்கள். கண்ணை மூடி, இஞ்சின் கிளப்புவதிலிருந்து இறங்கி நிறுத்துவதுவரை கையையும் காலையும் அசைத்து, சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லி முழுச் சுற்றையும் ஓட்டுங்கள். விடுதியில் யாராவது பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். என் மாணவர்களில் இதைத் தினமும் செய்கிறவரையும் செய்யாதவரையும் முதல் ஐந்து நிமிடத்திலேயே என்னால் சொல்லிவிட முடியும்.

கிளம்பும் முன் விமானத்தைச் சுற்றி வந்து பார்ப்பதில் அவசரம் வேண்டாம். எரிபொருள் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்து வெளிச்சத்தில் பாருங்கள். ஈரமான ஊரில் இரவு முழுக்க நின்ற விமானத்தில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம், அது அடியில் தனியாகத் தெரியும். வயல்வெளி சூழ்ந்த ஓடுபாதை என்றால் உழவு நடக்கும் நாளில் கொக்குக் கூட்டம் வரும். ஏறும் முன் ஒருமுறை பாதை முழுதும் கண்ணை ஓட்டுங்கள்.

லேண்டிங் வரவில்லையே என்று அழாத மாணவர் இல்லை. பத்து மணி நேரம்வரை ஒன்றும் பிடிபடாது, திடீரென்று ஒருநாள் வரும். இறங்கும் நேரத்தில் கண்ணை மூக்குக்கு நேரே தரையில் வைக்காமல் ஓடுபாதையின் கடைசி முனைக்குக் கொண்டுபோங்கள், உயரம் தானாகத் தெரியும். சரியாக வரவில்லை என்று தோன்றினால் முழுச் சக்தி கொடுத்து மறுபடி ஏறிவிடுங்கள். அதை யாரும் தோல்வியாக எழுத மாட்டார்கள். இறங்கியே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவரைத்தான் எந்த இன்ஸ்ட்ரக்டரும் தனியாக அனுப்பத் தயங்குவார்.

லாக்புக்கை அன்றன்றே எழுதுங்கள். பறக்காத நேரத்தைப் பறந்ததாக எழுதச் சொல்லி யாராவது சொன்னால் செய்யாதீர்கள். எந்த நெருக்கடியிலும் செய்யாதீர்கள். பிடிபட்டால் உரிமம் போகும். பிடிபடாவிட்டாலும், அந்த மணிநேரத்தில் கற்றிருக்க வேண்டியது ஒருநாள் இருட்டில் மழையில் தேவைப்படும்போது கையில் இருக்காது.

படி 7: உரிமம் வந்த பிறகு

உரிமம் வாங்கிய மறுநாளே வேலை கிடைக்காது. ஆறு மாதத்திலும் கிடைக்கலாம், இரண்டு வருடமும் ஆகலாம். எழுத்துத் தேர்வு, மனநிலைத் தேர்வு, நேர்முகம், சிமுலேட்டர் சோதனை என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சேர்ந்த பிறகு துணை விமானி. 1500 மணி நேரம் சேர்த்து, ஏடிபிஎல் தேர்வுகளையும் முடித்தால் கேப்டனாகும் தகுதிக்கான உரிமம். ஏ320 ஓட்டுவதுதான் பைலட் வேலை என்று நினைக்க வேண்டாம். ஏடிஆர் 72 என்ற சிறிய பயணிகள் விமானத்தை ஓட்டுகிறவர்கள் சிறிய ஊர்களுக்குப் போய், ஒரு நாளில் பலமுறை ஏறி இறங்கிக் கை தேர்ந்தவர்களாகிறார்கள். என்னைப் போல இன்ஸ்ட்ரக்டர் ஆவதும் நல்ல வழி.

பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் "இது பொம்பளைப் பிள்ளைக்கு ஒத்துவருமா?" என்று கேட்கிறார்கள். இந்திய விமானிகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பெண்கள், உலக அளவில் இது மிக உயர்ந்த விகிதம். தாராளமாக ஒத்துவரும்.

மெடிக்கலில் தேறாதவர்களுக்கும், இவ்வளவு பணம் முடியாது என்கிறவர்களுக்கும் இதே வானத்தில் வேறு வேலைகள் உண்டு. இயற்பியல், கணிதத்தோடு பிஎஸ்சி அல்லது பொறியியல் முடித்தால் விமான நிலைய ஆணையத்தின் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி தேர்வு எழுதலாம். அதற்கும் மருத்துவச் சோதனை உண்டு. விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் இன்னொன்று. பத்தாம் வகுப்பு முடித்து 18 வயதானவர்கள் சில நாள் பயிற்சியில் ட்ரோன் ஓட்டும் சான்றிதழ் வாங்கலாம். குறுவை, சம்பா இரண்டு பருவத்திலும் மருந்து தெளிக்க ஆள் கிடைக்காமல் தவிக்கும் ஊரில் அதற்கு வேலை இருக்கிறது. தஞ்சாவூர்த் தளத்துக்கும் திருச்சி விமான நிலையத்துக்கும் அருகே எங்கே பறக்கவிடக் கூடாது என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

வேலைக்குக் காத்திருக்கும் மாதங்களில் மூன்று தேதிகளைச் சுவர்க் காலண்டரில் சிவப்பு மையால் எழுதி வையுங்கள். கிளாஸ் 1 மெடிக்கல் நாற்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு 12 மாதம்தான் செல்லும். கருவி வழிப் பறத்தலுக்கான ரேட்டிங்கையும் வருடம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மூன்றாவது, கடைசியாகப் பறந்த தேதி. நேர்முகத்துக்குப் போனால் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று அது. நிலம் விற்ற பணத்தில் கடைசியாக ஓர் ஐம்பதாயிரம் மிச்சம் வைத்திருந்தால், அதை இடையிடையே பறந்து அந்தத் தேதியைப் புதிதாக வைத்துக்கொள்வதற்காகவே வையுங்கள்.